காணிக்கை மேசையில் இம்மானுவேல்

— யூதாஸாவது ஒருக்க தான் வித்தான், ராஜபாய் டீச்சர். நீ ஒரு மேசை நெறைய வித்திருக்க.

— நான் விக்கல்ல, உபதேசியாரே. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையளு செய்த ரொட்டிய தாய் தகப்பன்மாரு பாக்கட்டும்னு மேசையில நெரத்தி வச்சேன். அவ்வளவு தான்.

— எந்த மேசையில?

— காணிக்கை மேசையில.

— அறுப்பின் பண்டிகை அன்னைக்கு அந்த மேசையில வச்சது ஏலத்துக்குப் போவும்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும். நான் ஜெபம் முடிச்சு கண்ணத் தொறக்கேன், வெளிய நேசையன் கூவுதான். ‘நல்ல மேய்ப்பன், ஒரு தரம். நல்ல மேய்ப்பன், ரெண்டு தரம்.’

— உள்ள வரலாமா? வேய் உபதேசியாரே, ஏலத்தப் பாதியில நிறுத்தச் சொன்னீராமே. சனம் வெயில்ல நிக்கு.

— வா நேசையா. உனக்குத் தான் சொல்லணும். கர்த்தருக்க பேரச் சொல்லியா ஏலம் போடுதது?

— பின்ன எந்தப் பேரச் சொல்ல? வாழக்குலைய வாழக்குலைங்கேன், சேவலச் சேவலுங்கேன். ரொட்டியக் கையில எடுத்தா, பக்கத்துல நின்ன பொடியன் ‘இது ரொட்டி இல்ல தாத்தா, நல்ல மேய்ப்பன்’னு சொல்லுதான். காணிக்கை கொண்டு வந்தவன் சொல்லுத பேரு தானே கணக்கு? பழைய பழக்கத்துல ராஜா காலத்துக் காசுல, சக்கரம்னு கூவிட்டேன், எல்லாவனும் சிரிச்சான். பெறவு அணாவுக்கு மாத்தினேன். ‘வாசல்’னு ஒரு ரொட்டி, மேய்ப்பன விட நல்லாப் போச்சு, பாத்துக்கிடும்.

— போதும், வெளிய போ. நான் கூப்பிடாம ஏலம் நடக்கப்பிடாது.

— போறேன். ஆனா மேசையில வச்சத திருப்பி எடுக்கப்பிடாது, கேட்டீரா. அது நீரே போட்ட சட்டம்.

— டீச்சர், உனக்கு வகுப்பு தந்தது வசனம் படிப்பிக்க. மாவு பெசைய இல்ல.

— வசனம் தான் படிப்பிச்சேன் ஐயா. இயேசுவுக்க பேரெல்லாம் சொல்லுங்கன்னா கடகடன்னு ஒப்பிக்குதுவ. ‘நானே வாசல்’னா என்னன்னு கேட்டா முழிக்குதுவ. சந்தை முக்குல ரொட்டிக்காரருக்க போர்மாவப் பாத்திருக்கீங்களா?

— ரொட்டி சுடுத அடுப்பு தானே. அதுல பாக்க என்ன இருக்கு?

— நெறைய இருக்கு ஐயா. விடியக்காலம் வெறகக் குகைக்குள்ளயே போட்டு எரிப்பாரு. செங்கல்லு நல்லா பழுத்த பெறவு தீய வாரி வெளிய தள்ளிட்டு, ஈரச் சாக்கால தரையத் தொடைச்சு ரொட்டிய உள்ள தள்ளுவாரு. தீ போனாலும் செங்கல்லு சாயந்திரம் வரை சூட்ட விடாது. சனியாச்ச உச்சைக்கு மேல அந்தச் சூடு சும்மா கெடக்கும். ஊருக்கு ரொட்டி சுட அது காணாது, பிள்ளையளுக்க குட்டி ரொட்டிக்குத் தாராளம். கேட்டேன், தந்தாரு.

— சரி, அதுக்கும் வசனத்துக்கும்?

— ஆளுக்கொரு பேரு குடுத்தேன். அத மாவுல செய்யணும்னா அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கணும் இல்லியா? வாசல் செய்த பயல் முதல்ல தடியா ஒரு கதவு வச்சு மூடிட்டான். வெளிய செவந்து போச்சு, உள்ள பச்சை மாவு. ஏன் வேகல்லன்னு கேட்டான். சூடு உள்ள போக வழி வேணும்லா மக்கா, தொறந்து செய்யின்னேன். ரெண்டாந்தரம் தொறந்து செய்தான். இனி அவன் சாவுத வரை அந்த வசனத்த மறப்பானா?

— மறக்கமாட்டான். அத நான் இல்லன்னு சொல்லல்ல. மேசையில இன்னும் என்ன பாக்கி?

— ஒண்ணு தான். இம்மானுவேல்.

— தேவன் நம்மோடிருக்கிறார். அத எப்பிடி மாவுல செய்ய? அதுக்கு உருவம் ஏது?

— எனக்கும் தெரியல்ல. அந்தப் பிள்ளை பெரிசா ஒரு உருண்டை, சின்னதா ஒரு உருண்டை உருட்டி, நடுவுல ஒரு வெரல் எடம் விட்டு வச்சா. ‘ஒட்டி வையி’ன்னேன். ‘வேண்டாம் டீச்சர், அது தானா வரும்’னா. புளிச்ச மாவு சூட்டுல பொங்கும்லா, பொங்கிப் பொங்கி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. இப்பம் பிச்சா ரெண்டும் கிழியும்.

— பெரிசு தேவன். சின்னது?

— ‘எங்க வீடு’ன்னா.

— நல்ல புத்தியுள்ள பிள்ளை. யாருக்க மக?

— அத மட்டும் மேசையில இருந்து எடுத்துத் தாருங்க ஐயா. அம்மைக்குக் கொண்டு குடுக்கணும்னு ஆசையா இருக்கா. அவ அம்மை இந்தக் கோயிலுக்குள்ள வரப்பிடாது.

— வரப்பிடாதுன்னு யாரு சொன்னா?

— நீங்க தான் சொன்னீங்க. சபைநீக்கம் வாசிச்சீங்க.

— யாருக்க மகன்னு கேட்டேன்.

— தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டு போற கோலப்பனுக்க மக. செல்லக்கனி.

— ஜெபகுமாரிக்க பிள்ளையா?

— ஆமா. உங்க பேத்தி. கொஞ்சம் இருங்க ஐயா, குடிக்க வெள்ளம் கொண்டு வாறேன்.

— வேண்டாம். சாமி கும்பிடுதவனக் கெட்டிட்டுப் போனவ எனக்க மக இல்லன்னு பிரசங்க பீடத்துல நின்னு சொன்னவன் நான். இந்த ஊருல எனக்குப் பேத்தி கிடையாது. அவளை உன் வகுப்புல கொண்டு விட்டது யாரு? கோலப்பனா?

— இல்ல.

— பின்ன யாரு? வாய்க்காலத் தாண்டி அந்தப் பிள்ளை தனியாவா வரும்?

— அத மட்டும் கேக்காதீங்க ஐயா.

— சொல்லல்லன்னா இனி உனக்கு வகுப்பு இல்ல.

— அந்தப் பிள்ளையளு இல்லாம ஞாயித்துக்கிழமை எனக்கு எப்பிடி விடியும்னு தெரியல்ல. எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க. வாக்கு குடுத்திருக்கேன், சொல்லமாட்டேன்.

— வேய் உபதேசியாரே, கோவப்படாதேயும். நான் ஏலத்தத் தொடங்கல்ல. அது தானா தொடங்கிட்டு.

— நேசையா, நான் என்ன சொன்னேன்?

— நான் வாயே தொறக்கல்ல. அந்த ஒட்டு ரொட்டிக்கு கோலப்பன் வெளிவாசல்ல நின்னு ஒரு ரூவான்னான். இந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணேகாலுன்னு சத்தம். அவன் ஏத்த, இவிய ஏத்த, இப்பம் வீட்டுல நிக்க சினை ஆட்டையும் சேத்துக் கேட்டாச்சு. ரெண்டு பேரும் விடமாட்டேங்காவ. நீரு வந்து ஒரு முடிவு சொல்லும்.

— ஒரு ரொட்டிக்கு ஆடா? கோலப்பன எதிர்த்துக் கேக்குதது யாரு?

— உம்ம வீட்டம்மா தான், உபதேசியாரே. ஞாயிறுதோறும் கூட்டிட்டு வாற மாதிரி பேத்திக்க கையப் பிடிச்சிட்டு நிக்காவ. எனக்க மகளுக்கு இத நானே கொண்டு குடுப்பேன்னு சொல்லுதாவ.