அவர் போட்ட கோடு

கடலை நமுத்துவிட்டால் சீட்டாட்டத்துக்கு உதவாது, டாக்டர். மேசையில் விழும்போது சத்தம் வராது. உங்கள் பக்கத்து டப்பாவில் இருப்பது அப்படிப்பட்டதுதான். நெல்சன் படுத்ததிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கரண்டு போய் இவ்வளவு நேரமாகியும் பேட்டரியில் பச்சை விளக்கு எரிகிறதே, அது கொஞ்சமும் குறையவில்லையே என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அதற்குச் சீட்டாட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல் ஒன்றில் பிளாக்ஜாக் மேசையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். அந்த மேசையில் ஆடுகிறவர் வாய் திறக்க வேண்டியதில்லை. விரலால் தட்டினால் இன்னொரு சீட்டு வேண்டும். உள்ளங்கையை அசைத்தால், போதும், இனி வேண்டாம் என்று பொருள். வைத்த பந்தயத்துக்குப் பின்னால் விரலால் ஒரு கோடு இழுத்தால், இந்த ஆட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று பொருள். பாதிப் பந்தயம் போகும், மீதிப் பாதி திரும்பக் கிடைக்கும். அவர் கையில் பதினாறு, எனக்கு முன்னால் பத்து என்றால் விவரம் தெரிந்தவர் கோடு போட்டுவிடுவார். போட்ட சிலர், அடுத்த சீட்டு என்னவாக இருந்திருக்கும், காட்டு என்பார்கள். நான் காட்டியதில்லை. விட்ட பிறகு அதைப் பார்ப்பது யாருக்கும் நல்லதல்ல.

நெல்சன் தட்டுகிற ஆள். லான்மடா கடைத்தெருவில் தன் மூக்குக்கண்ணாடிக் கடையை அடைத்துவிட்டு வந்ததும் இதே மேசையில் கடலையைப் பந்தயமாக வைத்து ஆடுவோம். பதினாறை வைத்துக்கொண்டு தட்டுவார்.

"கோடு போடுங்க. பாதிக் கடலையாவது மிஞ்சும்."

"பாதிக் கடலைய வச்சுக்கிட்டு என்ன பண்றது? போடும்மா ஒண்ணு."

"உங்க பேராசைக்குக் கப்பலே முழுகிடும்."

"நீ பக்கத்துல இருந்தா முழுகட்டுமே."

அப்படிப் பேசுகிறவரை நேசிக்காமல் இருக்க முடியுமா? நேசித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்குப் பேச்சில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்டன. அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது. தட்டினால் இன்னும் கொஞ்சம் கஞ்சி. அசைத்தால் போதும். நான் குளிப்பாட்டி, தலைசீவி, சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது சும்மாவேனும் தட்டுவார். கட்டில் பலகைத் தடுப்பை ஒட்டிக் கிடப்பதால் அதில்தான் தட்டுவது. தடுப்புக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து அம்சவேணி கத்துவாள்.

"என்ன நெல்சன் அண்ணே, அக்கா இன்னும் சோறு போடலியா? மொஹிங்கா கொண்டாரவா?"

இவர் உடனே இன்னும் பலமாகத் தட்டுவார். அவள் சிரிப்பது இங்கே கேட்கும்.

சென்ற வாரம் அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள். "தேறிடுவாரு, மா ஜூடித். பிடிவாதக்காரரு. மூச்சு மெஷின் மட்டும் நிக்காம பாத்துக்கங்க." நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். சீட்டுப் போடுகிறவள் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்குப் பதினாறுதான் தெரிந்தது.

கப்பல் கம்பெனியின் பழைய மேலாளர் அதே வாரத்தில் போனில் கூப்பிட்டார். புதிய பெண்களைப் பழக்க ஆள் வேண்டுமாம். மழை விட்டதும் வர முடியுமா என்றார். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பிறகு வேறு யாராவது வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான். வருகிறேன் என்று சொன்னது உண்மை. பாதியாவது மிஞ்ச வேண்டும் இல்லையா.

இன்று மதியம் கரண்டு போனதும் மெஷின் கூவத் தொடங்கியது. வழக்கமாக ஓடிப்போய்ப் பேட்டரி வயரை மாட்டுவேன். இன்று வயரைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கூவலை அணைத்தேன், அந்தச் சத்தம் அவரைப் பதற வைக்கும். "என்னங்க, விட்டுடலாமா?" என்று கேட்டேன். கேட்காமல் நான் எதுவும் செய்யவில்லை. அவர் என்னையே பார்த்தார். விரல் போர்வையின் மேல் நகர்ந்தது. கோடு. கப்பலில் எத்தனையோ பேர் போட்டுப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா.

எல்லாம் முடிந்த பிறகு வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

வாசலில் அம்சவேணி அழுதுகொண்டே உங்களிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "கரண்டு போனதுலேருந்து தட்டிக்கிட்டே இருந்தாரு, டாக்டர். பசியோன்னு நெனச்சேன். மொஹிங்காவச் சுட வச்சு எடுத்துட்டு வர்றதுக்குள்ள நின்னுபோச்சு." அவளைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனசு. ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு இந்தப் பக்கத்து ஆட்டம் எப்படித் தெரியும்?

அவர் கோடுதான் போட்டார், டாக்டர். போட்ட பிறகு மனதை மாற்றிக்கொள்ள எந்த மேசையிலும் இடமில்லை. அதனால்தான் அந்த இரண்டு விரல்களையும் பலகையிலிருந்து எடுத்து என் உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவை தட்டுவதை நிறுத்தும்வரை.