ஆள் நிறைந்த அறையில் அலை அளந்த அக்காவுக்கு

கண்ணுக்குத் தெரியாததைக் காதால் அளந்தவரே, கண்ணாடி மாளிகைகளின் காதடைப்பைக் களைந்தவரே, படியேறிப் படியேறிப் பல்லாயிரம் பேரின் பேச்சுக்குப் பாதை போட்டவரே, இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் நிறுவனத்தின் அளவைப் பிரிவில் அமர நேரமின்றி அரும்பணி ஆற்றி, இன்று ஓய்வுபெற்று அமரப் போகும் அன்பு அக்கா அவர்களே, வணக்கம்.

இதற்கு மேல் உங்களை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நிறுவனத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் உங்களைப் பற்றி முதலாளி இரண்டு வாக்கியம் பேசியதற்கே, “அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்” என்று எழுந்து போனவர் நீங்கள். ஆகவே இந்த மடல் இனி உங்களைப் பார்த்துப் பேசாது. அக்கா என்று ஒருவர் இருந்தார் என்று கதை போலச் சொல்லிக்கொண்டு போகும். நீங்களும் யாரைப் பற்றியோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அக்கா பார்த்த வேலையை வெளியாளுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். வானளாவக் கட்டடம் எழுப்புவார்கள். வெயில் உள்ளே வராதிருக்க உலோகப் பூச்சுக் கண்ணாடி மாட்டுவார்கள். வெயிலோடு சேர்ந்து கைப்பேசி அலையும் வெளியே நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் ஜன்னலோரம் முண்டியடித்து “ஹலோ, ஹலோ” என்பார்கள். கட்டடக்காரரைக் கேட்டால், தொலைபேசிக் கம்பெனி சரிசெய்யட்டும் என்பார். கம்பெனியைக் கேட்டால், கட்டடம் யாருடையது என்று திருப்பிக் கேட்கும். அலையைப் பெருக்கவென்று சந்தையில் விற்கும் மலிவுப் பூஸ்டரை வாங்கி மாட்டினால் ஒரு வீட்டுக்குக் கேட்கும், தெருவுக்கே கேட்காமல் போகும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் எங்கள் பிழைப்பு. மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்து அலையைப் பிடித்து, கேபிள் வழியே இறக்கி, அறை அறையாகப் பங்கு வைப்போம். எந்த அறைக்கு எவ்வளவு தாகம் என்று முதலில் நடந்து பார்த்துச் சொல்பவர் அக்கா.

அவர் நடப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கையில் கட்டட வரைபடம், கொண்டையில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பென்சில்கள், காதில் கைப்பேசி. கருவி காட்டும் எண்களையும் எழுதிக்கொள்வார், ஆனால் நம்பியது காதைத்தான். மறுமுனையில் தையற்காரரான மாமா, அவருடைய வீட்டுக்காரர், கைப்பேசியைத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பார். மெஷின் சத்தம் தையல் தையலாகக் கேட்டால் அந்த இடத்துக்குப் பச்சை. குழைந்து கேட்டால் மஞ்சள். நின்றது மெஷினா அலையா என்று சந்தேகம் வந்தால் சிவப்பு.

நாற்காலிகூட வந்து சேராத புது மாடிகளில், வெயில் நீளநீளமாகப் படுத்திருக்கும் வெறுந்தரையில், எங்கோ ஒரு சட்டைக்குக் கை வைக்கும் ஓசையைக் கேட்டபடி அக்கா மெல்ல மெல்ல நடப்பார். கை முடிந்து காலர் தொடங்கும்போது அடுத்த மாடி வந்திருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஒரு காவலாளி எங்களைத் தனியே அழைத்து, “அந்தம்மா தூக்கத்துல நடக்குறாங்களா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எங்களுக்கும் முழு நிச்சயம் இல்லை.

பாராட்டு மடலில் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் அக்காவின் ஒரு தவற்றைச் சொல்லாமல் அவரைப் புகழவே முடியாது. ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தை அவர் விடுமுறை நாளில் அளந்தார். நாற்காலிகள் காலி. மெஷின் சத்தம் மணியாகக் கேட்டது. முழுக்கப் பச்சை தீட்டி, இங்கே ஆன்டெனா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை நாள் வந்தது, கூடம் நிறைந்தது. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். அது அலையைக் குடித்துவிடும். பிரசவ அறையிலிருந்து, அப்பாவாகப் போகும் ஒருவரை நான்கு முறை அழைத்திருக்கிறார்கள். முந்நூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அவர் கைப்பேசி ஒரு முறைகூட அடிக்கவில்லை.

செய்தி தெரிந்ததும் அக்கா அவரைத் தேடிப் போனார். அவர் சண்டை போட்டிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். “பரவாயில்லைம்மா, நல்லபடியா பொறந்துருச்சு. எல்லாரும் பாப்பாவைப் பார்த்தப்புறம் நான் பார்த்தேன், அவ்வளவுதான்” என்றார் அவர். அந்த ‘அவ்வளவுதான்’ அக்காவைப் பல நாள் தூங்கவிடவில்லை. யாரும் கேட்கும் முன்பே முதலாளியிடம் போய், “என் தப்புதான். ஆளை விட்டுட்டு அறையை அளந்துட்டேன்” என்று ஒப்புக்கொண்டார்.

அன்று முதல் எந்தக் கட்டடத்துக்கும் இரண்டு நடை. காலியாக இருக்கும்போது ஒன்று, ஆள் நிறைந்தபின் ஒன்று. இரண்டாவதுதான் செல்லும். “ஆள் வரட்டும், அப்புறம் சொல்றேன்” என்பார். அதற்குள் போட்டிக் கம்பெனிக்காரர் வரைபடம் தீட்டி, கையெழுத்தும் வாங்கிப் போயிருப்பார். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. ஆனால் அவரிடம் போன கட்டடக்காரர்களில் பாதிப் பேர் கூட்டம் நிறைந்த முதல் நாளிலேயே எங்களைத் தேடித் திரும்பி வந்தார்கள். அப்போதும் அக்கா ‘நான் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இனி, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபத்தைப் பற்றி. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்த ரகம் இது. ஊருக்கெல்லாம் அலை பங்கிடும் நம் அலுவலகத்தில், எல்லாரும் சேர்ந்து உட்கார இடமுள்ள ஒரே அறை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அதில் சிக்னல் எட்டிப் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக யாருக்கும் அது உறைக்கவும் இல்லை.

போன வருடம் மாமா இரண்டு முறை மயங்கி விழுந்தார். காரணத்தை மருத்துவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மெஷின் பக்கத்தில் கைப்பேசி எப்போதும் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அக்காவுக்கு அடிக்கும். அப்போதிலிருந்து, அளவெடுக்கும் நேரம் போக, சிக்னல் இல்லாத இடத்தில் அக்கா நிற்பதில்லை. லிஃப்டில் ஏறுவதில்லை. இந்த மண்டபத்துக்கு ஒரு வாய் தேநீர் குடிக்கக்கூட இறங்கி வந்ததில்லை. விடைபெறு விழா இங்கேதான் என்றதும், “கீழேயா? பத்து நிமிஷம் இருப்பேன். சீக்கிரம் பேசிட்டு விட்ருங்க” என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பத்து நிமிடம். எங்களுக்கு அழுகை வந்தது, அதைவிட வெட்கம் வந்தது.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தோம். அக்கா வெளியே அளக்கப் போன நாட்களில் மாடியிலிருந்து கேபிள் இறக்கினோம், தூணுக்குப் பின்னால் ஓர் ஆன்டெனா வைத்தோம். காலி மண்டபத்தில் பிரமாதமாகக் கேட்டது. கைதட்டப் போனவர்களை ஸ்டோர் கீப்பர் அடக்கினார்: “ஆள் வரட்டும்.” போன புதன்கிழமை மதியம் எங்கள் வீட்டாரையும் வரவழைத்து, எண்பது பேர் நெருக்கியடித்து நின்று மாமாவை அழைத்தோம். சத்தம் குழைந்து அறுந்தது. தூணுக்குப் பின்னால் இருந்ததைக் கதவுக்கு மேலே மாற்றினோம், மேடைக்கு மேலே இன்னொன்று சேர்த்தோம். வியாழக்கிழமை மறுபடி எண்பது பேர்; இந்த முறை சத்தம் அறுந்துபோகவில்லை. மதியங்களில் ஆளில்லாத மேஜைகளைப் பார்த்து, “எல்லாரும் எங்கதான் போய்த் தொலையுறீங்க?” என்று அக்கா கேட்டதற்கு, சரக்கு எண்ணுகிறோம் என்று கூசாமல் பொய் சொன்னோம்.

அக்கா, கதை முடிந்தது, இனி உங்களிடமே பேசுகிறோம். பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. இதற்குள் உங்கள் கை ஏழெட்டு முறை கைப்பையைத் தொட்டிருக்கும். மண்டபத்தில் இப்போது நூற்றிருபது பேர் இருக்கிறோம். பக்கத்து வீட்டம்மா துணைக்கு இருக்க, மாமா மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பத்தி முடிந்ததும் அவர் அழைப்பார். தையல் தையலாகக் கேட்டால் இருந்து விருந்து உண்டு போங்கள். கேட்காவிட்டால் எங்களைத் திட்டிவிட்டு இப்போதே கிளம்புங்கள், ஒருவரும் தடுக்க மாட்டோம்.

எப்படியாயினும், மாமாவும் நீங்களும் நோயின்றி, நொடியின்றி, ஒருவர் குரல் ஒருவருக்குக் கைப்பேசியின்றியே கேட்கும் தூரத்தில் நெடுங்காலம் வாழ்க என நெஞ்சார வாழ்த்துகிறோம்.

உங்களிடம் நடக்கக் கற்ற,
அளவைப் பிரிவினர், கேபிள் பிரிவினர், கிடங்குப் பிரிவினர், முதலாளி

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன் சேர்த்தது: அழைப்பு வந்தது. அக்கா எழுந்தார், போகிறார் என்று பயந்தோம். அவரோ கைப்பேசியைக் காதில் வைத்து, சுவரோரமாக, நாற்காலிகளுக்கு நடுவே, மேடைக்குப் பின்னால் என்று மண்டபம் முழுக்க மெல்ல நடந்தார். நூற்றிருபது பேரும் காலை மடக்கி வழிவிட்டோம். கடைசியில் ஒலிபெருக்கியைப் போட்டார். மெஷின் நின்றது, மாமாவின் குரல் கேட்டது: “கேக்குதா? நான் நல்லாத்தான் இருக்கேன். இன்னும் ரெண்டு தலையணை உறை தெக்கணும். நீ இருந்து சாப்பிட்டு வா.” அக்கா கொண்டையிலிருந்து பச்சைப் பென்சிலை எடுத்து, இந்த மடலின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கோட்டோடுதான் சட்டம் போட்டிருக்கிறோம்.