ஏ போட்டா இல்ல

கனகவல்லி: …நீ கெளம்புய்யா. விழுப்புரம் பாசஞ்சரு இன்னிக்கும் லேட்டு. வேலைக்கு நேரமாவல?

ரத்தினம்: காலேஜுக்கு அரை நாள் லீவு சொல்லிட்டேன். உன்னை ஏத்தி வுட்டுட்டுப் போறேன்.

கனகவல்லி: நாளைக்குப் பெருங்களத்தூருக்குப் பொண்ணு பார்க்கப் போறவன், இன்னிக்குப் பொண்டாட்டிய ரயிலேத்த லீவு போடற. நல்லா கீது.

ரத்தினம்: அது அம்மா பண்ண ஏற்பாடு கனகா. ஏழு வருசம் ஆச்சி, பேரப்புள்ள வேணும்ன்றாங்க… நான் இன்னா பண்றது? டாக்டரும் உன்கிட்ட தான் கோளாறுன்ட்டாரு.

கனகவல்லி: ம்.

ரத்தினம்: கொஞ்ச நாள் மதுராந்தகத்துல உங்கம்மா வூட்டுல இரு. அப்பறம் நானே வந்து…

கனகவல்லி: வரமாட்ட.

ரத்தினம்: காலையிலயே திருநீர்மலைக் கோயிலுக்குப் போனியே… பிரசாதத் துளசி எங்க?

கனகவல்லி: அத்த வுடு. வண்டி வர்ற வரைக்கும் எதுனா சொல்லு. கல்யாணம் ஆன புதுசுல சொல்லுவியே, கிரீக்கு.

ரத்தினம்: கிரீக்கா? இப்ப எதுக்கு?

கனகவல்லி: கேக்கணும் போல கீது. ஜுவாலஜி லேப்ல அட்டெண்டரு, பேச்சு மட்டும் புரொபசரு. ஜாடியில ஊறிகினு கீதே ஒன்னு, பாம்பாட்டம்… பேரு இன்னா?

ரத்தினம்: பாம்பில்ல. ஏபோடா.

கனகவல்லி: யாரப் போடான்ற?

ரத்தினம்: அன்னிக்கும் இதே தான் கேட்டு சிரிச்ச… போடான்னா கிரீக்குல காலு. முன்னாடி ஏ போட்டா இல்லன்னு அர்த்தம். காலு இல்லாதது.

கனகவல்லி: இன்னொன்னு?

ரத்தினம்: ஏக்ரேனியா. மண்டையோடு இல்லாதது. வருசா வருசம் ஜூன் மாசம் புதுப் பசங்களுக்கு மேடம் சொல்லும். நின்னு நின்னு கேட்டு எனக்கே மனப்பாடம்… போதும் வுடேன்.

கனகவல்லி: வண்டலூர்ல தொறந்த புதுசுல கூட்டினு போயி போர்டக் காட்டினியே, மூணே மூணு எழுத்து.

ரத்தினம்: ஜூ.

கனகவல்லி: அர்த்தம்?

ரத்தினம்: உசுரு உள்ளது. சிங்கம், பூச்சி, எல்லாந்தான்.

கனகவல்லி: அதுக்கு முன்னாடி ஏ போட்டா?

ரத்தினம்: இரு, வண்டி வருதான்னு பார்த்துட்டு வரேன்.

கனகவல்லி: சொல்லுய்யா.

ரத்தினம்: வெயிலு… சோடா வாங்கினு வரட்டா?

கனகவல்லி: உக்காரு. எட்டாவது படிச்சவ நான். இங்கிலீசு கூட்டிக் கூட்டித் தான் படிப்பேன். ஆனா உன் பேரு தெரியும். அந்த வண்டலூர் போர்டு தெரியும். நீ சொல்லிக் குடுத்த ஏ தெரியும். டிரங்குப் பெட்டியில விரிச்ச பேப்பருக்கு அடியில உன் டெஸ்டு ரிப்போர்ட்டு, அதுல அந்த ஜூவுக்கு முன்னாடி ஒரு ஏ…

ரத்தினம்: எப்பப் பார்த்த?

கனகவல்லி: போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி.

ரத்தினம்: ரெண்டு வருசமாவா! அம்மா உன்ன மலடின்னு சொல்றப்பல்லாம்… கோளாறு எனக்குன்னு தெரிஞ்சிகினேவா சும்மா இருந்த?

கனகவல்லி: தெரிஞ்சிகினு தான்.

ரத்தினம்: ஏன்டி கேக்கல?

கனகவல்லி: நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ஊருக்கு முன்னாடி வேணாம்யா. எங்கிட்ட மட்டும், மெதுவா, ஒரே ஒரு தடவ. உன்ன யாருகிட்டயும் வுட்டுக் குடுத்திருக்க மாட்டேன்.

ரத்தினம்: வெக்கமா இருந்துச்சி கனகா… வூட்டுக்கு வந்துடு. டிக்கெட்டக் கிழிச்சிப் போடு.

கனகவல்லி: நாளைக்கு?

ரத்தினம்: போவாம இருந்தா அம்மா துருவுவாங்க. சும்மா போயி பார்த்துட்டு… பொண்ணு நிறம் கம்மி, புடிக்கலன்னு சொல்லிடறேன்.

கனகவல்லி: அப்பவும் பழி பொண்ணு மேல தான்.

ரத்தினம்: வேற இன்னாத்த சொல்றது!

கனகவல்லி: வண்டி வருது. பையத் தூக்கு.

ரத்தினம்: கனகா… அந்த ரிப்போர்ட்ட மட்டும் குடுத்துட்டுப் போ. காலையில பெட்டியில தேடினேன், காணோம். உன்கிட்ட தான கீது?

கனகவல்லி: நான் திருநீர்மலைக்குப் போவல. பெருங்களத்தூர்ல நீ பார்க்கப் போற பொண்ணு, பட்டு, அது வூட்டுக்குப் போனேன். ரிப்போர்ட்டு அது கையில கீது… ஏ போட்டா இன்னா அர்த்தம்னு சொல்லிக் குடுத்துட்டுத் தான் வந்தேன்.