சீசன் அறை

— கதவை முழுசாத் திறயேன்டி. ஒத்தைக் கண்ணை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நின்னா நான் யார்கிட்ட பேசுறது?

— இல்லக்கா, அவர் இப்பத்தான் கண்ணசந்தார். வெளிச்சம் பட்டா முழிச்சுக்குவார். இப்படியே சொல்லுங்க.

— என்னத்தைப் புதுசாச் சொல்ல? போன வாரம் சொன்னதேதான். நாளைக்கு மத்தியானம் டூரிஸ்ட் பார்ட்டி வருது. மாடி நிறைஞ்சு போச்சு, இந்தக் கீழ் ரூமையும் ஏஜென்ட் கொடுத்துட்டான். சுவத்துக்கு ஒரு கை வெள்ளையடிக்கணும், மெத்தை மாத்தணும். உன் சாமான் ஒண்ணுகூட நகரலையே!

— எங்கக்கா நகர்த்துறது? வருஷா வருஷம் சீசன் வந்தா, நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே நான் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்து மூட்டை கட்டிருவேன். நேரா வலைக் கொட்டகைக்குப் போயிருவோம். இந்த வருஷம் கொட்டகையை இடிச்சு கார் நிறுத்த இடம் போட்டுட்டாங்களே.

— அது எனக்குத் தெரியாதா? நான் மட்டும் என்ன பங்களாவுலயா படுக்கிறேன்? ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். முதல்ல அந்த ஏஜென்ட் மாடியில ஒரு ரூம் போதும்னான். அப்புறம் ஹாலைக் கேட்டான். இப்ப நான் சமையக்கட்டுல கேஸ் சிலிண்டருக்குத் துணையாப் படுத்திருக்கேன். விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொன்னவன் எவனும் நம்ம ஊர்ல குடியிருக்கல.

— அக்கா, கொஞ்சம் மெதுவா.

— மெதுவாத்தான் பேசுறேன். தம்பி எப்படி இருக்காரு?

— அப்படியேதான்.

— கஞ்சி குடிச்சாரா?

— ம். ரெண்டு வாய்.

— ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாத் தூக்கிட்டு வந்தியாமே? மீன் வண்டிக்காரன் சொன்னான்.

— காய்ச்சல்க்கா. நெத்தியில ஒத்தி எடுக்க.

— நெத்தி என்ன நாலு முழமா?

— உடம்பு பூரா அனலாக் கொதிக்குது. துணியில சுத்திச் சுத்தி வைக்கிறேன்.

— ஃபேன் வேற இந்தப் போடு போடுது.

— புழுக்கமா இருக்குக்கா.

— நான் சொல்றதைக் கேளு. பேசாமப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. என் மச்சினன் வண்டியை வரச் சொல்றேன்.

— பெரியாஸ்பத்திரியிலதான், இனி வீட்டுல வச்சுப் பார்த்துக்கங்கன்னு கையை விரிச்சுட்டாங்களே. எவனோ ஒருத்தன் கேமராவைத் தண்ணியில போட்டுட்டான்னு இந்த மனுஷன் முங்கினார். எடுத்துக்கிட்டு மேல வர்றார், ஹோட்டல்காரன் மோட்டார் படகு நேரா முதுகு மேல ஏறிருச்சு. தண்ணி புகாத கேமராவாம், அதுக்கு ஒண்ணும் ஆகலையாம்க்கா. கரையில இவரைப் போட்டு நாங்க கத்திக்கிட்டு இருக்கோம், அதே கேமராவுல எங்களை ஒரு படம் எடுத்துட்டுப் போனான்.

— பழசைக் கிளறாதே. கிளறினா எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா என் பயமும் உனக்குப் புரியணும். முக்கு வீட்டுல என்ன ஆச்சுன்னு பார்த்தேல்ல?

— பார்த்தேன்.

— அந்த வீட்டுக்காரம்மாவோட அண்ணன் கீழ் ரூம்ல போய்ச் சேர்ந்தான். மாடியில இருந்த பார்ட்டி பார்த்துட்டு, சாவு விழுந்த வீடுன்னு ஃபோன்ல எழுதிவிட்டுட்டான். அன்னையிலிருந்து அந்த வாசல்ல காக்காகூட உக்காரல. இப்ப அந்தம்மா எங்கேயோ துணி துவைக்குதாம்.

— என்கூடத்தான் துவைக்குது. ஹோட்டல்ல. பக்கத்துத் தொட்டி.

— அப்ப என்னையும் கொண்டு போய் அடுத்த தொட்டியில நிறுத்திராதே.

— அப்படி நினைப்பேனாக்கா?

— நீ நினைக்க மாட்டே. விதி நினைக்குமே. அந்த ஏஜென்ட் வாசல்லயே நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்கான். இங்க ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அடுத்த நிமிஷம் பின்வாசல்ல முனிசிபாலிட்டி வண்டி நிக்கும். யாரு வரணும், யாரு பார்க்கணும்னு ஒரு பேச்சும் கிடையாது. முக்கு வீட்டு ஆளை அப்படித்தான் பாயோட சுருட்டி ஏத்தினாங்க. கடைக்குப் போயிருந்த தங்கச்சி திரும்பி வந்து வெறும் தரையைத்தான் பார்த்தா.

— தெரியும்க்கா. தொட்டியில நின்னுக்கிட்டு தினமும் அதைத்தான் சொல்லும். அதனாலதான் உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். என் மக வந்துக்கிட்டிருக்கா. அவ வந்து அப்பா முகத்தைப் பார்த்திரட்டும். இந்த ஒரு ராத்திரி கொடுங்க, விடிஞ்சதும் நானே காலி பண்ணிர்றேன்.

— முகத்தைப் பார்த்திரட்டும்னா? ஏன், பேசட்டும்னு சொல்லேன்.

— ...பேசட்டும்.

— எப்ப வருவா?

— பொழுது சாயறதுக்குள்ள வந்திருவா. பஸ்ஸெல்லாம் டூரிஸ்ட்டா அடைச்சுக்கிட்டு வருதாம். காலையிலிருந்து நின்னுக்கிட்டே வர்றா.

— உலகமே இங்க வருது. இங்க பொறந்தவளுக்கு உக்கார இடமில்ல. சரி, நகரு. தம்பியை ஒரு எட்டு பார்த்துட்டுப் போறேன்.

— வேணாம்க்கா!

— ஏன்டி இப்படிப் பதறுறே?

— இல்ல... துணி மாத்தாமக் கிடக்கிறார். நீங்க பார்த்தீங்கன்னா கூசிப் போயிருவார்.

— சரி, வரல. கையை எடு, கதவு உடைஞ்சிரப் போகுது. மூச்சு இருக்கிற ஆளை வெளிய தூக்கிப் போட நான் ஒண்ணும் பேய் இல்ல. விடியட்டும். ஏஜென்ட்கிட்ட நான் பேசிக்கிறேன்.

— அக்கா... மூச்சு நின்னுட்டா?

— நின்னா அது என் காதுக்கு வரக் கூடாது. வந்துச்சுன்னா அப்புறம் நான் உன் அக்கா இல்ல, இந்த வீட்டுக்காரி. அவ்வளவுதான் சொல்லுவேன். கதவைச் சாத்து.

— சாத்துறேன்க்கா.

— தாப்பாளையும் போடு.

*

— ம்மா... நான்தாம்மா. திற.

— வந்துட்டியா. உள்ள வா, சீக்கிரம். செருப்பை வெளிய விடாதே.

— வாசல்ல ஒருத்தன், யாரு நீ, எந்த ரூம்னு என்னையே கேக்கிறான்மா. நான் தவழ்ந்த வாசல்!

— ஏஜென்ட். நீ என்ன சொன்னே?

— எங்கப்பாவைப் பார்க்க வந்தேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? ஏம்மா ரூம் இப்படிச் சில்லுனு இருக்கு? தரையெல்லாம் தண்ணி! ஜன்னலை ஏன் துணி போட்டு மூடி வச்சிருக்கே?

— பையைக் கீழ வை. முதல்ல உக்காரு.

— உக்கார்றேன் இரு. அப்பாவுக்குச் சட்டை கொண்டு வந்திருக்கேன். எங்க கம்பெனியில மிச்சம் விழுந்த துணி, நானே தைச்சது. முதுகுல தையலே வராம வெட்டியிருக்கேன், புண்ணுல உரசாது. காட்டட்டுமா? தூங்குறாரா?

— போட்டு விடலாம். ரெண்டு பேருமாச் சேர்ந்து போட்டு விடலாம்.

— எழுப்பட்டுமா?

— எழுப்பாதே.

— ப்பா... ப்பா, நான் வந்துட்டேன். ம்மா, கை ஏன் இப்படி... ம்மா!

— சத்தம் போடாதே. விடிகாலையிலேயே போயிட்டார். மக கிளம்பிட்டாளான்னு கேட்டார். கிளம்பிட்டான்னு சொன்னேன். அப்ப நீ கிளம்பவே இல்ல.

— அய்யோ... அப்பா...

— வாயை மூடு! வெளிய அவன் உக்காந்திருக்கான். கேட்டுச்சுன்னா இப்பவே வண்டியில போட்டுக் கொண்டு போயிருவாங்க, நீ அவர் முகத்தைச் சரியாப் பார்க்கக்கூட இல்ல. இந்தா, இந்தத் துணியைக் கடிச்சுக்கோ.

— முடியலம்மா...

— முடியணும். நான் காலையிலிருந்து ஒரு சொட்டு அழல. கஞ்சி வச்சேன், குடிக்கிறார்னு சொல்லிட்டு நானே குடிச்சேன். இந்தக் கதவுல நின்னுக்கிட்டு அவருக்குக் காய்ச்சல்னு கதை சொன்னேன். என்னால முடிஞ்சுதுல்ல? கடி. துணி பத்தலைன்னா என் கையைக் கடி.

— அந்தப் பிள்ளை வாயை ஏன்டி இப்படிப் பொத்துறே?

— அக்கா! பின்வாசல்ல நீங்க எப்ப... இல்லக்கா, அவ பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தாளா, கால்வலி, அதான்... அவருக்கு இப்பத்தான்...

— போதும், விடு. விடிகாலையில தண்ணி மோட்டார் போட வந்தப்பவே, நீ துணி கட்டுறதுக்கு முன்னாடி, ஜன்னல் வழியா நானும் பார்த்துட்டேன். ஏஜென்ட்டை மாடிக்கு அனுப்பிட்டு, அங்க பாட்டை உச்சத்துல வைக்கச் சொல்லியிருக்கேன், எல்லாம் ஆடிக்கிட்டு இருக்கு. பாட்டு நிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் அழுது முடிச்சிருங்க.