நான்காவது சங்கு

ஓடுகிறேன். காலில் செருப்பில்லை. மலைக்கு அப்பாலிருந்து ஒரு விசில் இறங்குகிறது. தரை உதைக்கிறது. முதல் குண்டு தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இரண்டாவது எங்கள் வீட்டில்.

மேல்வீட்டு வங்காளி அண்ணி, மிதாலி பௌதி, பால்கனியில் நின்று சங்கு ஊதுகிறார். மூச்சு வாங்கும்போது கத்துகிறார். "பாலாவ்! பாலாவ்!" ஓடு என்கிறார். பதுங்கறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. தட்டுகிறேன். திறக்கவில்லை. சுவரோரம் படுத்துக்கொண்டேன். என் பின்னால் ரகு வரவில்லை.

வடக்கு எல்லையோரம் ஒரு மின்திட்டக் குடியிருப்பு அது. வியாழக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம். ரகு என் கணவர், அங்கே இஞ்சினியர், திருநெல்வேலிக்காரர். நான் கல்கத்தாவில், டாக்குரியாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வங்காளி வீடுகளில் அந்தியில் மூன்று முறை சங்கு ஊதுவார்கள். அது பூஜை. பூமி அதிர்ந்தால், புயல் வந்தால், நிறுத்தாமல் ஊதுவார்கள். அது எச்சரிக்கை. நான்காவது சங்கு கேட்டதும் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். ரகு சிரித்தார்.

"பௌதி சாமி கும்பிடுதாங்க. இதுக்குப் போயா ஓடுத?"

அவர் கடைசியாகப் பேசியது அதுதான். சைரன் அடித்திருந்தால் எனக்கு முன்னால் ஓடியிருப்பார். சைரன் அடிக்கவில்லை.

இதை நான் மறந்துபோனேன். எப்படி என்றும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் காதில் கட்டோடு கிடந்தேன். விசாரணைக்கு வந்தவர் கேட்டார். "சைரன் கேட்டதும் என்ன செய்தீர்கள்?" சைரன் கேட்டதா என்று அவர் கேட்கவில்லை. ஓடினேன் என்றேன். கேள்விக்குள் இருந்த சைரன் என் தலைக்குள் இறங்கிவிட்டது. அம்மாவிடம் சொன்னபோது அடித்தது. பக்கத்து வீட்டில் சொன்னபோது இன்னும் உரக்க அடித்தது. சைரனை அலட்சியம் செய்ததால் ரகுநாதன் இறந்தார் என்று அறிக்கை வந்தது. நானும் நம்பினேன். செத்துப்போன மனுஷன் மேல் வருடக்கணக்கில் கோபமாக இருந்தேன்.

சைரனை அடித்ததாகச் சொன்னவர் மகாதேவன். குடியிருப்பின் தலைமை அதிகாரி. நம் தமிழர்தான். சைரன் சுவிட்ச் அவர் ஆபீசில் இருந்தது. குண்டு ஓயும்வரை அதை விட்டு நகரவே இல்லையாம். பதுங்கறைக்குள் இருந்தவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். அவர் சொன்னதே அவர்களுக்கும் ஞாபகமாகிவிட்டது. பாராட்டு கிடைத்தது. ரிட்டையர் ஆனார். கல்கத்தாவிலேயே, பாலிகஞ்சில் ஃப்ளாட்.

நான் டாக்குரியாவுக்குத் திரும்பினேன். ஆம்புலன்ஸ் அலறினால் வழிவிட்டு நிற்பேன். ஹவுராவில் பட்டறை சைரன் அடித்தால் மணி பார்ப்பேன். ஒன்றும் ஆகாது. குண்டுக்குத் தப்பியவள் சைரனுக்குப் பயப்படவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

போன வருடம் ஒரு காலை பூமி லேசாக அதிர்ந்தது. மின்விசிறி ஆடியது. தெரு முழுக்கச் சங்கு. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறேன். புடவை நனைந்துவிட்டது. வாயில் மண். கண்ணுக்குள் அந்த வியாழக்கிழமை. பௌதி பால்கனியில் நிற்கிறார். மைதானத்துக்கு அப்பால் சைரன் கம்பம் ஊமையாக நிற்கிறது.

மனநல டாக்டரிடம் போனேன். பயத்தை அழிக்க முடியாது, மேலே புதுப் பழக்கம் போட்டு மூடலாம் என்றார் அந்த அம்மா. தினமும் சங்கொலி கேட்கவைத்தார். முதலில் மெதுவாக. பிறகு உரக்க. நடுக்கம் குறைந்தது. தூக்கம் வந்தது. அப்போது நிறுத்திவிட்டேன். ரகுவுக்கு இருக்கும் ஒரே சாட்சி இந்த நடுக்கம் என்றேன். தலையைப் போல உடம்பும் ஏமாற்றலாம் என்று எச்சரித்தார். அப்படியானால் இன்னொரு உடம்பைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

நவராத்திரி. அந்தி. மகாதேவன் வீட்டுக் கொலு. சொல்லாமல் போனேன். எனக்குக் குங்குமம் தருவதா வேண்டாமா என்று அவர் மனைவிக்குத் திண்டாட்டம். கிண்ணத்தை எடுத்தார், வைத்தார். ஹாலில் மகாதேவன் காபியும் கையுமாக விருந்தாளிகளிடம் சைரன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

"ஒரு பாட்டு பாடேம்மா," என்றார் மாமி. கொலுவுக்கு வந்தவளிடம் எல்லோரும் கேட்பதுதான்.

"பாட்டு வராது மாமி. இதுதான் வரும்."

பையிலிருந்து சங்கை எடுத்தேன். மூன்று முறை ஊதினேன். எல்லோரும் கைகூப்பினார்கள். அவரும்தான். நான்காவது ஊதினேன். ஐந்தாவது. நிறுத்தவில்லை. டம்ளர் விழுந்தது. மகாதேவன் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்தார். இரண்டு கையும் தலைமேல்.

"கதவச் சாத்து! யார் தட்டினாலும் தொறக்காத!"

நான் தட்டிய கதவு. அதற்குப் பின்னால்தான் இருந்திருக்கிறார். மாமி குனிந்து கேட்டார்.

"ஏன்னா, நீங்க ஆபீஸ்லன்னா இருந்தேள்?"

அவர் வெளியே வரவில்லை. சங்கைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. சைரன் அடிக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள், ரகு மேல் போட்ட பழியை எடுங்கள் என்று மேஜையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் எழுதவில்லை. அவர் ஜன்னலுக்கு எதிரே ஒரு பார்க் இருக்கிறது. அந்தியில் அங்கே போய் உட்காருகிறேன். மூன்று முறை ஊதுகிறேன். வங்காளிகள் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். ஜன்னலில் திரை அசைகிறது. எழுதும்வரை போவேன்.

இழந்தவை இவை. ரகுநாதன், என் கணவர். மிதாலி பௌதி, ஊதிக்கொண்டே போனவர். தூளாகிப்போன அவர் சங்கு. என் இடது காது. ரகுவைத் திட்டியே கழித்த வருடங்கள். பாலிகஞ்சில் ஒருவருடைய தூக்கம். பார்க்கில் நான்காவது சங்கை இன்னும் ஊதவில்லை. அவர் காத்திருக்கட்டும்.