சீலை போர்த்த கிழங்குப் பாத்தி

கேளுங்கோ. அரசர் காலத்துக் கதையில்லை இது. எங்கட சனம் முதன்முதல் நோர்வேயின்ர வடக்கு அந்தத்துக்கு மீன் வெட்டப் போன காலம். அங்க ஒரு கரையூர். பேர் வாயில நுழையாது. எங்கட ஆக்கள் குளிர்க்கரை எண்டுதான் சொல்லுறவை.

அந்தக் குளிர்க்கரையில அன்னரத்தினம் எண்டு ஒருத்தி இருந்தவ. யாழ்ப்பாணத்தில வலிகாமத்துச் செம்மண்ணில வளந்த தோட்டக்காரப் பிள்ளை. புருசன் தில்லைநாதன். ரெண்டு பேருக்கும் மீன் பக்டரியில வேலை. அவ ஊரால கொண்டு போனது தாய் முடிச்சுக் குடுத்த ஒரு பிடி கீரை விதை. பிறகு சண்டையில தாயும் இல்லை, அந்தத் தோட்டமும் இல்லை.

பக்கத்து வீட்டில போர்கில் எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவி. தன்ர உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பக்கத்தில அன்னா, அன்னா எண்டு கூப்பிட்டு அன்னத்துக்கும் ஒரு துண்டு நிலம் குடுத்தவ. "கெதியா நடு, கெதியாப் பிடுங்கு. இஞ்ச கோடை, இரு எண்டாலும் இருக்காது" எண்டவவாம். அந்தக் கிழங்கும் சும்மா கிழங்கில்லை. முந்தின உலகச் சண்டையில ஆமி அந்தக் கரையை ஒரு வீடு விடாமல் எரிக்கேக்க, கிழவியின்ர தாய் மண்ணுக்குள்ள தாட்டுக் காப்பாத்தின விதையாம். அதைக் கேட்ட நாள் அன்னம் சோறு தின்னேல்லையாம்.

சூரியன் படுக்காத நாட்டில கீரை வளந்தது. வளந்தது எண்டா அப்பிடி வளந்தது. தில்லைநாதன் வேலையால வந்தா அதுக்குப் பக்கத்திலதான் நிப்பான். "விதை எடுத்து வைப்பமப்பா. அடுத்த வருசமும் போடலாம்" எண்டுவான். அன்னம் நுனியில பூ வருதோ எண்டு விரிச்சு விரிச்சுப் பாப்பா.

அப்ப கிழவி படியில விழுந்து இடுப்பு உடைஞ்சு போச்சு. கடலுக்கு அங்கால ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிட்டினம். பிறகு ஒரு பின்னேரம் காத்து அடங்கிச்சுது. வானம் கழுவிவிட்ட மாதிரி. ரேடியோவில உறைபனி எண்டு சொல்லிப்போட்டாங்கள். கிழங்கு அப்ப புளியங்கொட்டையளவு. இலை கருகினா விதைக்குக்கூட மிஞ்சாது.

அன்னம் பெட்டியைத் திறந்து இருந்த சீலையெல்லாம் அள்ளினவ. போர்வையையும் அள்ளினவ. கலியாணக் கூறைச்சீலையையும் அள்ளினவ.

"கூறையையுமோ?" எண்டான் தில்லைநாதன்.

"வேற துணி இல்லை."

"ரெண்டு பாத்திக்கும் காணாதே."

"காணாது."

சொல்லிக்கொண்டே கிழவியின்ர பாத்திக்குப் போயிட்டா.

"அன்னம், அந்தக் கீரை உம்மட அம்மா தந்த விதையெல்லே."

"எனக்குத் தெரியாதே? அது இஞ்ச பூக்காது. போர்த்தாலும் இலைதான், விதை கட்டாது. இது இந்த மண்ணின்ர. இது நிண்டா நிக்கும்."

அவன் வீட்டுக்குள்ள போயிட்டான். கை குடுக்கேல்லை. அவ தனியப் போர்த்து, தலைப்புகளில கல்லு வைச்சவ.

விடிய வந்து பாத்தா, சீலையெல்லாம் பலகை மாதிரி விறைச்சுக் கிடந்துதாம். தூக்கினா, கீழ பச்சை. பக்கத்தில கீரை அவிச்சுக் கொட்டினது மாதிரிக் கறுத்துக் கிடந்துதாம். அன்னம் அழுதவ எண்டும் சொல்லுவினம், அழேல்லை எண்டும் சொல்லுவினம். சேறு பிடிச்ச கூறையை மீன் காயப்போடுற தடியில விரிச்சுப்போட்டு வேலைக்குப் போனவ. தில்லைநாதன் கன நாள் அவவோட கதைக்கேல்லை.

கிழவி ஊன்றுகோலோட திரும்பி வந்தவ. தன்ர பச்சையைப் பாத்தா. பக்கத்துக் கறுப்பைப் பாத்தா. கிழங்கு கிண்டின நாள், முதல் செடியின்ர கிழங்கைத் தன்ர வீட்டுக்குக் கொண்டு போகேல்லை. கழுவி, அன்னத்தின்ர படியில வைச்சிட்டுப் போனவ. அதைத் தில்லைநாதன்தான் எடுத்து அவிச்சு, உப்பும் தூளும் பிரட்டி, அவவுக்கு முன்னால வைச்சானாம். "சாப்பிடும்" எண்டானாம்.

அன்னம் திரும்பக் கீரை போடேல்லை. எங்கட ஆக்களும் ஒவ்வொருத்தரா ஒஸ்லோவுக்கு இறங்கிட்டினம். இண்டைக்கு அந்த ஊரில ஒரு தமிழ் வீடும் இல்லை. ஆனா கிழவி தொடங்கின வழக்கம் போகேல்லை. கிழங்கு கிண்டுற நாளில முதல் செடியை அங்க ஒருத்தரும் தாங்கள் தின்னமாட்டினமாம். கழுவிக் கொண்டுபோய், அன்னம் இருந்த, இப்ப பூட்டிக் கிடக்கிற அந்த வீட்டுப் படியில வைச்சிட்டு வருவினமாம். ஏன் எண்டு கேட்டா, சின்ன ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தெரியாது. அது அன்னாவின்ர பங்கு, வைக்கோணும் எண்டு மட்டும் சொல்லுவினமாம்.