விட்டுக்கொடுத்த புரோகிராம்

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. மழைக்காலத்தில் காபி குடிக்காமல் எனக்கு எதையும் ஒழுங்காகச் சொல்ல வராது.

என் பெயர் மதுமதி. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. எங்கள் கம்ப்யூட்டர்களும் ஆற்றுநீர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களும் டெலிபோன் வழியே இணைந்திருந்தன. யாருடைய வேலை முதலில் ஓடுவது என்று ஆட்கள் மல்லுக்கட்ட வேண்டாம். ஒவ்வொருவர் சார்பிலும் ஒரு புரோகிராம் பேரம் பேசும். ‘என் வேலை இவ்வளவு அவசரம்’ என்று சொல்லும். அவசரம் குறைந்தது ஒதுங்கிக்கொள்ளும். அதுதான் என் ஆராய்ச்சி.

அன்று சென்னையிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். போன முறை அவர் கண் முன்னாலேயே என் சோதனை பாதியில் நின்றுபோனது. மறுபடி நின்றால் படிப்பு அவ்வளவுதான். அப்பா மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். அந்த வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாபநாசத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம், ஆறு கடலில் சேரும் புன்னக்காயல் பக்கம் எப்போது எட்டும் என்ற கணக்கை சாலமோன் ஓடவிட்டிருந்தான். என்னோடு படித்தவன், ஆற்றுநீர் அலுவலகத்தில் இருக்கிறான். அந்தக் கணக்கு வந்தால்தான் கரையோர ஜனங்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்புவார்கள்.

‘உயிராபத்து’ என்ற உச்ச அவசரம் வெள்ளத்துக்கென்றே வைத்தது. அதற்கும் மேலான ஒரு பொய் அவசரத்தைச் சொல்ல என் புரோகிராமுக்குக் கற்றுக்கொடுத்தேன். அவனுடையது நம்பி ஒதுங்கியது. திரும்பக் கேட்டது, திரும்ப ஒதுங்கியது. திரையில் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மதியம் போன் செய்தான்.

“மதி, நம்ம கணக்கு ஓடவே மாட்டேங்கு. அங்கன எங்கம்மா தனியா இருக்கா.”

“லைன் கோளாறா இருக்கும். பைய வரும், பொறு” என்றேன்.

என் வேலையை நிறுத்த ஒரு கட்டளை அடித்திருந்தால் போதும். தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கணக்கு வருவதற்குள் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அவன் அம்மா சாரம்மாளின் உடலை ஓர் உடைமுள் மரத்திலிருந்து எடுத்தார்களாம். மற்றவர்களைக் கடல் இன்னும் தரவில்லை.

லைனில் கோளாறு இல்லை, ஐயா. சாலமோனின் புரோகிராமிலும் தப்பில்லை, அவனிடம் சொல்லுங்கள். அது நேர்மையாகத்தான் பேசியது. பொய் சொல்ல வைத்தது நான். தெரிந்தே வைத்தேன்.

ஆனாலும் அவன் நல்லவன். என் நிலைமையை நேரில் சொல்லிக் கேட்டிருந்தால் அவனே விட்டுக்கொடுத்திருப்பான்.